பண்டிகை லீவில் கதை கைவிட்டுப் போகாமல் இருக்க

பொங்கலுக்கு முன்பு வரை தினமும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்த கதை, காணும் பொங்கல் கழிந்து நோட்டைத் திறக்கும்போது யாரோ எழுதியதுபோல் கிடக்கும். கதாபாத்திரங்களின் பெயர் நினைவிருக்கும். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதும் ஓரளவு நினைவிருக்கும். அந்த வாக்கியங்கள் எந்த வேகத்தில் நடந்தன, கதை சொல்கிறவர் எவ்வளவு கிட்டே நின்று சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதெல்லாம் மறந்து போயிருக்கும். இடைவெளி விழுந்தால் முதலில் ஆறிப்போவது கதையின் குரல்தான். ஆகவே லீவு நாட்களில் பக்கக் கணக்கை விட்டுவிட்டு, அந்தக் குரலோடு தினமும் சில நிமிடமாவது ஒட்டிக்கொண்டிருக்க வழி பார்க்க வேண்டும்.

வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அதற்காகத் துறைமுகம் தூங்குவதும் இல்லை. எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள், பலகை மாற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், வலையின் கிழிசலை உட்கார்ந்து பின்னுவார்கள். தடை முடிந்ததும் படகு உடனே கிளம்ப முடிவதற்கு அந்த வேலைதான் காரணம். எழுதுகிறவரின் லீவையும் அதேபோல் நடத்தலாம்.

லீவுக்கு இரண்டு நாள் முன்பு

அத்தியாயத்தை முடித்துவிட்டு நிம்மதியாகப் பண்டிகைக்குப் போகலாம் என்று தோன்றும். முடிக்காதீர்கள். முடித்துவிட்டால், திரும்பி வரும் நாளில் வெற்றுப் பக்கத்தில் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். எழுத்து வேலையில் கடினமான நாள் அதுதான். கை ஆறிப்போன நிலையில் அதைத் தாண்டவே முடியாமல் பலர் நின்றுபோகிறார்கள். காட்சியின் நடுவில், பேச்சு சூடாக இருக்கும் இடத்தில், முடிந்தால் வாக்கியத்தின் பாதியிலேயே பேனாவை மூடிவிடுங்கள். ‘கஸ்தூரி கூடையை இறக்கி வைத்துவிட்டு’ என்று நிற்கும் வரியை முடிக்க ஒரு வாரம் கழித்தும் கை தானாகப் போகும்.

நிறுத்திய உடனே, சூடு ஆறுவதற்குள், ஒரு அரைப்பக்கக் குறிப்பு எழுதி நோட்டில் அதே இடத்தில் செருகி வையுங்கள். இதை அடையாளத் தாள் என்று வைத்துக்கொள்வோம். காட்சியில் யார் யார் இருக்கிறார்கள், யார் கையில் என்ன இருக்கிறது, ஒவ்வொருவரும் எதை மறைக்கிறார்கள், அடுத்த மூன்று நிகழ்வுகள் என்ன, இன்னும் முடிவு செய்யாத கேள்வி எது என்பவற்றை அதில் எழுத வேண்டும்.

‘அடுத்து: அக்கா தம்பி சண்டை’ என்று மட்டும் எழுதி வைத்த தாள் பத்து நாள் கழித்து ஒன்றுக்கும் உதவாது. எந்தச் சண்டை, எங்கே தொடங்கும், யார் முதலில் குரலை உயர்த்துவது என்பதெல்லாம் போய்விட்டிருக்கும். உதவுகிற தாள் இப்படி இருக்கும்: ‘சாயங்காலம், மீன் விற்ற காசு கஸ்தூரியின் இடுப்பில். அடகு ரசீது சேகரின் சட்டைப்பையில். அவளுக்கு அது தெரியும், தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அவள் முதலில் கேட்கப்போவது காசை இல்லை, பிள்ளையின் ஸ்கூல் ஷூவை. அவன் பதில் சொல்லாமல் மோட்டார் போடப் போகிறான். மோட்டார் ஓடும் சத்தத்தில் அவள் சொல்வது அவன் காதில் விழுமா? முடிவு செய்யவில்லை.’ எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது. திரும்பி வரும் நாளில் இது முழு ஒரு நாள் தவிப்பை மிச்சம் பிடிக்கும்.

முடிவு செய்யாத கேள்வியை வேண்டுமென்றே தீர்க்காமல் விடுங்கள். வடை தட்டும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் மனம் சும்மா இருக்காமல் அசைபோட ஒரு கேள்வி வேண்டும். ஒன்று போதும். மூன்று கேள்விகளைத் தூக்கிக்கொண்டு போனால் எதுவும் நகராது.

கையெழுத்தில் எழுதுகிறவர்கள் பெரிய நோட்டை ஊருக்கு எடுத்துப் போக வேண்டாம். டீ கொட்டும், பிள்ளைகள் பின்பக்கத்தில் படம் வரைவார்கள், பஸ்ஸில் மறந்து விட்டுவிட்டால் அவ்வளவுதான். கடைசி இரண்டு பக்கத்தையும் அடையாளத் தாளையும் போனில் படம் பிடித்துக்கொண்டு, சட்டைப்பையிலோ கைப்பையிலோ அடங்கும் சின்ன 40 பக்க நோட்டு ஒன்றும் ஒரு பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் ஏன் என்றால், லீவு முழுக்க ஈரக் கையோடுதான் எழுத வேண்டியிருக்கும். மை பரவும், பென்சில் பரவாது.

இன்னொன்று. போகிக்கு முதல் நாள் பரணைச் சுத்தம் செய்யும்போது கைப்பிரதிகள் பழைய பேப்பரோடு போய்விடும் ஆபத்து உண்மையானது. எழுதிய தாள் எல்லாம் ஒரே துணிப்பையில் இருக்கட்டும். அந்தப் பை எது என்பது வீட்டில் குறைந்தது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஏழு நிமிடம்

லீவு நாளின் வேலை இது: போனில் இருக்கும் படத்தைப் பார்த்து, கதையின் கடைசி மூன்று வரிகளை அப்படியே கையால் படியெடுங்கள். பிறகு ஒரு புது வரி சேருங்கள். நிறுத்துங்கள். மறுநாள் அந்தப் புது வரியையும் சேர்த்துக் கடைசி மூன்று வரிகளைப் படியெடுத்து, இன்னொரு வரி. எல்லாம் சேர்த்து ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

படியெடுப்பது பள்ளிக்கூட வேலை மாதிரி தோன்றும், ஆனால் இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. கண்ணால் படித்தால் நிகழ்ச்சி மட்டும் ஏறும். கையால் எழுதும்போதுதான் வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது, வினை முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, ‘என்றாள்’ போட்டிருக்கிறதா இல்லையா என்பது விரலுக்குத் தெரியும். நான்காவது வரி அந்த ஓசையிலேயே வந்து விழும்.

ஒரு வரிக்கு மேல் வந்தால்? எழுதலாம், ஆனால் அரைப் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள். நோட்டில் ஒரு பக்கம் சுமார் 20 வரி, வரிக்கு 6 சொல் என்று வைத்தால் 120 சொல். அரைப் பக்கம் 60. வேகம் வந்துவிட்டது என்று ஒரு நாள் நான்கு பக்கம் தள்ளினால், மறுநாள் அந்த நான்கு பக்கமே அளவுகோலாகி மிரட்டும். அன்று வீட்டில் பன்னிரண்டு பேருக்குச் சமையல் இருக்கும். ஒரு வரிகூட வராது, அடுத்த நாள் நோட்டைத் திறக்கவே மனம் கூசும். ‘லீவுதானே, தினம் ஆயிரம் சொல் எழுதிவிடலாம்’ என்ற திட்டம் உடைவதும் இப்படித்தான். பண்டிகை லீவில் வேலை நாளைவிடக் குறைந்த நேரமே கிடைக்கும் என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குங்கள். சாதாரண நாளில் 400 சொல் எழுதுகிறவருக்கும் லீவு நாளின் உச்ச வரம்பு அந்த 60தான்.

ஒரு நாள் விட்டுப்போனால் அதை மறுநாள் சேர்த்து எழுதக் கூடாது. கடன் ஏற ஏறத்தான் ஆள் ஓடுகிறார். விட்ட நாள் போனதுதான். மறுநாளும் அதே மூன்று வரி, அதே ஒரு வரி.

எந்த லீவு, எந்த நேரம்

எல்லா லீவும் ஒன்றில்லை. தீபாவளியில் தொல்லை அந்த ஒரு நாளில் இல்லை, அதற்கு முந்தைய பத்து நாளில் இருக்கிறது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்க இரண்டு சாயங்காலம், முறுக்கும் அதிரசமும் சுட இரண்டு ராத்திரி. ஆகவே கதையை நிறுத்தும் நாளைத் தீபாவளிக்கு முதல் நாளாக வைக்காமல், ஒரு வாரம் முன்பே அடையாளத் தாளை எழுதிவிடுங்கள். தீபாவளியன்று விடிகாலைக் குளியல், பலகாரம், வாசலுக்கு வருகிறவர்கள் எல்லாம் முடிந்து, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வீடே அசந்து தூங்கும். இரண்டிலிருந்து மூன்றரை வரை கிடைக்கும் அந்த அமைதி வருஷத்தில் அபூர்வமானது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது மட்டும் நோட்டைத் தொடாதீர்கள். கதையும் கருகும், முறுக்கும் கருகும்.

சரஸ்வதி பூஜை எழுதுகிறவருக்கு மிக அழகாகப் பொருந்துகிற நாள். புத்தகத்தையும் நோட்டையும் பூஜையில் வைத்துவிட்டு அன்று படிக்காமல் எழுதாமல் இருப்பது வழக்கம். அந்த வழக்கம் உள்ள வீட்டில் அதை மீறி ஒளித்து எழுத வேண்டிய அவசியமே இல்லை. பாதி வாக்கியத்தோடு நோட்டைப் பூஜையில் வையுங்கள். விஜயதசமி காலையில் எடுத்ததும் அந்த வாக்கியத்தை முடியுங்கள். நிறுத்துவதற்கு ஒரு நேரமும் தொடங்குவதற்கு ஒரு நேரமும் வெளியிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

பொங்கல் நான்கு நாளும் சத்தம். போகி விடிகாலையில் புகையும் பிள்ளைகளின் மேளமும். மாடியில் உட்கார முடியாது, கண் எரியும். அன்று கதையை விட்டுவிட்டு, இரவில் படுக்கப்போகும் முன் மூன்று வரி மட்டும். பொங்கலை ஒட்டி நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது விம்கோ நகரிலிருந்தோ வண்ணாரப்பேட்டையிலிருந்தோ மெட்ரோவில் வண்டி மாறாமல் நந்தனம் போய்விடலாம். போகிற அந்த நேரமே ஏழு நிமிட வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல். திரும்பும்போது கை நிறையப் புத்தகம் இருக்கும், எழுத வராது. வாங்கிய புத்தகங்களில் ஒரு எச்சரிக்கை: குரல் பலமாக உள்ள நாவலை, உங்கள் கதை பாதியில் நிற்கும்போது படிக்காதீர்கள். நான்கு நாள் அதில் மூழ்கி எழுந்தால் உங்கள் கஸ்தூரி அந்த நாவலாசிரியரின் வாக்கியத்தில் பேச ஆரம்பித்துவிடுவாள். கட்டுரை, வரலாறு, கவிதை படிக்கலாம்.

முழு ஆண்டு லீவு வேறு கதை. நாள் நிறைய இருக்கிறது, ஆனால் மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில் ஒற்றை மின்விசிறிக்குக் கீழே ஐந்து பேர் படுத்திருக்கும் வீட்டில் பகலில் எழுத முடியாது. காலை ஐந்தரை முதல் ஆறரை வரை மொட்டை மாடி. கடல்காற்று இருந்தால் சாயங்காலம் ஆறுக்கு மேல் இன்னொரு தடவை. தாள் பறக்காமல் இருக்க கிளிப் போட்ட பரீட்சை அட்டை வேண்டும்.

ஆடி ஞாயிறுகளும் இந்தக் கணக்கில் வரும். கூழ் ஊற்றும் தெருவில் விடிகாலையிலேயே ஒலிபெருக்கி தொடங்கிவிடும். காதில் பஞ்சு வைத்துப் பயனில்லை. அன்று படியெடுக்கும் வேலை மட்டும் செய்யுங்கள். படியெடுக்க அமைதி தேவையில்லை.

இடமும் வீட்டாரும்

ஒரே அறையும் சமையலறையும் உள்ள போர்ஷனில், ஊரிலிருந்து வந்த சொந்தமும் சேர்ந்தால், எழுத்து மேஜை பற்றிப் பேசுவதில் பொருளில்லை. படிக்கட்டு, மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல், கூட்டமில்லாத நேரத்து ரயில்வே ஸ்டேஷன் பெஞ்ச் ஆகியவைதான் கை கொடுக்கும். 1856இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என எதுவானாலும் பிளாட்பாரம் டிக்கெட்டோ பயணச் சீட்டோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கிளை நூலகத்தை நம்பிப் போனால் அரசு விடுமுறையில் பூட்டியிருக்கும். கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் உட்கார்ந்து வேலை செய்யவும் படிக்கவும் இடம் உண்டு. பண்டிகை நாளில் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் சொல்லும்போது தொடங்கும் நேரத்தைவிட முடியும் நேரத்தைச் சொல்லுங்கள். ‘கொஞ்சம் எழுதணும்’ என்றால் எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே ஐந்தாவது நிமிடமே கூப்பிடுவார்கள். ‘அத்தே, நான் மாடில இருக்கேன், ஆறு மணிக்கு இறங்கி வந்து சட்னி அரைச்சிடுறேன்’ என்று சொல்லிவிட்டு, சரியாக ஆறுக்கு இறங்கிவிட வேண்டும். முதல் இரண்டு நாள் சொன்ன நேரத்துக்கு இறங்கினால் மூன்றாம் நாள் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பண்டிகை வேலை முழுக்கத் தலையில் விழும் பெண்களுக்கு இந்த ஏழு நிமிடம்கூடச் சிரமம் என்பது தெரிந்ததே. அவர்களுக்குத் துண்டு துண்டாக: மூன்று வரியை எழுதி அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வேலை செய்துகொண்டே மனதுக்குள் படித்து, அடுத்த வரியை வாயால் சொல்லிப் பாருங்கள். குக்கர் விசில் அடிக்கும் இடைவெளியில் எழுதிவிடலாம். இதை அரைகுறை எழுத்து என்று நினைக்க வேண்டாம். நாளெல்லாம் வாயில் உருட்டிய வரி பெரும்பாலும் திருத்தமே கேட்காது.

ஊருக்குப் போகிறவர்கள் தண்டையார்பேட்டையிலிருந்து கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போய்ச் சேரவே ஊரைக் குறுக்கே தாண்ட வேண்டும். அந்த நேரத்திலும் இரவு பஸ்ஸிலும் எழுத முயல வேண்டாம்; குலுங்கும், தலை சுற்றும். தீர்க்காமல் விட்ட அந்த ஒரு கேள்விக்கு இது நேரம். பதில் வந்தால் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

போனில் குரல் தட்டச்சு செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: டிவி, வெடிச் சத்தம் நடுவே அது ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் கடித்துக் குதறும், பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றிவிடும். அன்றே திருத்தாவிட்டால் என்ன சொன்னோம் என்று நமக்கே புரியாது. வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது சுலபம், ஆனால் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். அன்றிரவே நோட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

பேச்சைச் சேகரிப்பது

லீவில் எழுத்து குறைந்தாலும் ஒன்று பெருகும்: பேச்சு. மூன்று தலைமுறை ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவது இந்த நாட்களில்தான். தினம் ஒரே ஒரு வாக்கியம் பிடியுங்கள். கேட்ட ஒரு மணி நேரத்துக்குள், கேட்டபடியே எழுதுங்கள். நேரம் போனால் மனம் அதை நல்ல தமிழாக்கிவிடும். யார் யாரிடம் சொன்னது, அப்போது கை என்ன செய்தது, பதிலாக என்ன வந்தது என்பதையும் சேர்த்து:

‘சித்தி, அம்மாவிடம், தட்டைக் கழுவிக்கொண்டே: நாங்கல்லாம் கூப்ட்டாதான் வருவோம், உனுக்குத் தெரியாததா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பளத்தை எண்ணினாள்.’

இந்தச் சில வரிகளில் ஒரு சிறுகதைக்கான கடுப்பு முழுக்க இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் போனில் ஒலிப்பதிவு செய்வது கூடாது. சொந்தக்காரர்களின் நம்பிக்கை போனால் பேச்சும் நின்றுவிடும். பெயரையும் அடையாளத்தையும் கதையில் மாற்றிவிடுங்கள்.

வடசென்னைப் பேச்சை எழுதுகிறவர்கள் சினிமாவில் கேட்டதை எழுதாமல் இருக்க இந்தப் பழக்கம் ஒன்றே மருந்து. எல்லாரையும் எல்லா வாக்கியத்திலும் ‘இன்னா’ போட வைத்தால் அது வேஷம். உண்மையில் பாட்டி ‘நாஸ்தா’ என்பார், பேத்தி ‘டிபன்’ என்பாள். மாமா கோபத்தில் ‘பேஜாரு’ என்பார், ஆபீஸ் போனில் அதே மாமா வேறு தமிழ் பேசுவார். உருதும் தெலுங்கும் எந்த வாயில் எவ்வளவு கலக்கிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். அந்த மாற்றத்தைக் காதால் பிடித்தால்தான் கதாபாத்திரங்கள் ஒருவரிலிருந்து ஒருவர் பிரிந்து நிற்பார்கள்.

சேகரித்த வாக்கியத்தை லீவிலேயே கதைக்குள் திணிக்க வேண்டாம். சின்ன நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கட்டும். அதேபோல் லீவில் புதுக் கதை ஒன்று கண் சிமிட்டும்; பழைய கதை கடினமாகத் தெரியும் நேரம் அது. மூன்று வரியில் குறித்து, அதே கடைசிப் பக்கத்தில் விட்டுவிடுங்கள். பாதிக் கதையை வந்தவர்களிடம் படித்துக் காட்டுவதும் வேண்டாம். ‘இது நம்ம பெரியப்பாதானே’ என்று ஒருவர் கேட்டாலே அடுத்த பக்கம் எழுதும்போது கை தயங்கும்.

திரும்பி வரும் நாள்

ஆபீஸோ பள்ளியோ திறக்கும் நாளில் முழு வேகத்தில் எழுத உட்காராதீர்கள். அன்று அரை மணி. தொடக்கத்திலிருந்து முழுக் கைப்பிரதியையும் படிக்கும் ஆசையை அடக்குங்கள். படித்தால் முதல் அத்தியாயத்தில் திருத்த உட்கார்ந்துவிடுவீர்கள், நாள் அங்கேயே போகும். கடைசி இரண்டு பக்கம், அடையாளத் தாள், லீவில் சேர்ந்த ஒற்றை வரிகள், இவ்வளவுதான் படிக்க வேண்டும். ஒற்றை வரிகளை வரிசையாக நோட்டில் ஏற்றுங்கள். சில வரிகள் ஒட்டாது. மூன்று நாள் வரை எதையும் அடிக்க வேண்டாம். முதல் நாள் எல்லாமே மட்டமாகத்தான் தெரியும். இரண்டாம் நாள் வழக்கமான அளவில் பாதி, மூன்றாம் நாள் முழு அளவு.

குரல் மாறிவிட்டது என்று தோன்றினால், கஸ்தூரி தன் லீவைப் பற்றித் தானே பேசுவதுபோல் ஒரு பக்கம் எழுதுங்கள். கதையில் அது வராது. இரண்டாவது பத்தியிலேயே அவள் பழைய வேகத்தில் பேசத் தொடங்கிவிடுவாள்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு வரிகூட எழுதாமல் விட்டுப்போயிருந்தால் இதெல்லாம் போதாது. அப்போது மட்டும் முழுக் கைப்பிரதியையும், கையில் பேனா இல்லாமல், வாய்விட்டுப் படியுங்கள். பிறகு ஒரு தனித் தாளில் காட்சிக்கு ஒரு வரி: யார் என்ன கேட்டார்கள், கிடைத்ததா. பன்னிரண்டு காட்சி என்றால் பன்னிரண்டு வரி. கடைசி வரியில் ‘கிடைத்ததா’ என்ற இடம் காலியாக நிற்கும். அங்கிருந்து எழுதுங்கள்.